பந்து விளையாட விடலாம், முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி:

சேர், நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை. மகனுக்கு 11 வயது. போன வருடம் ஒரு சபையில் இருந்து வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் உதைபந்தாட்டம் பழக்கத் தொடங்கினார்கள். காசு வாங்குவதில்லை. சப்பாத்து, ரீசேட், பணிஸ், பிளேன்ரீ எல்லாம் அவர்களே கொடுக்கிறார்கள். முன்பு போனோடேயே கிடந்தவன் இப்போது விடிய எழும்பி ஓடுகிறான், இந்த முறை பாடசாலை அணியிலும் எடுபட்டிருக்கிறான். ஆனால் விளையாட்டுக்கு நடுவில் பாட்டு, ஜெபம், பைபிள் கதை எல்லாம் நடக்கிறது. ஐந்து நிற மணி கோர்த்த கைப்பட்டி ஒன்றும் கொண்டுவந்தான். அண்மையில் என் அம்மாவிடம், "அம்மம்மா, மாமா இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் செத்தவர்தானே, அப்ப அவர் நரகத்திலயா இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டான். என் தம்பி 2009இல் மாத்தளனில் ஷெல் பட்டு இறந்தவன். அன்றிலிருந்து அம்மா, பிள்ளையை இனி அனுப்பவே கூடாது என்று நிற்கிறா. இப்போது ஆகஸ்ட் விடுமுறைக்கு மூன்று நாள் தங்கும் முகாம் என்று படிவம் வந்திருக்கிறது. ஊர் விளையாட்டுக் கழகப் பொடியன்கள் வேறு இவர்களை மைதானத்தில் இருந்து கலைக்கப்போகிறோம் என்கிறார்கள். நான் என்ன செய்ய?

- ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

தங்கச்சி, கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். சனிக்கிழமைப் பயிற்சியை இப்போதைக்கு நிற்பாட்ட வேண்டாம். முகாம் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். இடையில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, மைதானத்துக்கு நேரே போய் அந்தப் பயிற்றுநரோடும் பாஸ்டரோடும் கதைப்பது. அவர்கள் என்ன சொல்கிறார்கள், அதைவிட என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம்.

நான் சைவக்காரன். அதை மறைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதுவது சரியில்லை என்பதால் சொல்கிறேன். ஆனால் உடற்கல்வி ஆசிரியராகவும் பிறகு ஆசிரிய ஆலோசகராகவும் வன்னியில் பாடசாலை பாடசாலையாகத் திரிந்த ஆள் என்பதால், போனைப் போட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடத்தொடங்கிய ஒரு 11 வயதுப் பிள்ளையின் பெறுமதி எனக்குத் தெரியும். இந்த வயதில் காலுக்குப் பழகும் பந்துதான் கடைசி வரைக்கும் நிற்கும். பின்னேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாத பொடியன்களை எங்கள் பக்கத்தில் எது பிடித்துக்கொண்டு போகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அந்தப் பயிற்றுநர் செய்த நன்மையை நன்மை என்றே எழுதிவைத்துக்கொண்டு மேலே போவோம்.

விளையாட்டோடு வேதத்தையும் சேர்த்துக் கொடுப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1844இல் லண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம், இளைஞரின் ஆன்மாவோடு உடம்பையும் பார்க்கவேண்டும் என்ற பாதையில் போனது. கூடைப்பந்தாட்டத்தை 1891இல் உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பாடசாலை ஆசிரியர். 1895இல் கரப்பந்தாட்டத்தை உண்டாக்கிய வில்லியம் மோர்கனும் வை.எம்.சி.ஏ. ஆள்தான். 1991இல் அதே கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று. சபைக்காரரைக் கலைக்கப்போகிறோம் என்று நிற்கிற உங்கள் கழகப் பொடியன்கள் பின்னேரத்தில் வலை கட்டி அடிப்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்! கத்தோலிக்கப் பக்கத்தில் தொன் போஸ்கோ சுவாமியார் இத்தாலியின் தூரின் நகரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி, விளையாட்டும் ஞானோபதேசமுமாக நடத்தியதும் 1840களிலேயே.

இதெல்லாம் நல்ல பழைய கதை. இன்றைக்கு உங்கள் ஊருக்கு வந்திருப்பது கொஞ்சம் வேறு வகை. 4 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில்தான் ஒரு மனுசர் இயேசுவை ஏற்றுக்கொள்ள அதிகம் வாய்ப்பு, ஆகவே ஊழியத்தின் பலத்தை அந்த வயதில் போடவேண்டும் என்று மிஷனரிகளுக்குள் ஒரு கணக்கு 1990களில் இருந்து ஓடுகிறது. '4/14 ஜன்னல்' என்பார்கள். இது ஒளித்துவைத்த சதி ஒன்றும் இல்லை, அவர்களே கூட்டம் வைத்துப் பேசுவது, புத்தகத்தில் எழுதுவது. நம்புகிறவர்களுக்கு அது ஒரு கடமை, பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் முழு மனதோடு செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் மகன் ஒரு விளையாட்டு வீரன் மட்டும் இல்லை என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

கைப்பட்டியும் அதோடு சேர்ந்ததுதான். கறுப்பு மணி பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பச்சை விசுவாசத்தில் வளர்வது, மஞ்சள் அல்லது பொன் நிறம் பரலோகம். 1866இல் லண்டன் பிரசங்கி ஸ்பர்ஜன், எழுத்தே இல்லாமல் கறுப்பு, சிவப்பு, வெள்ளைத் தாள்கள் மட்டும் இருக்கிற ஒரு புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ததில் தொடங்கியது, பிறகு பொன்னும் பச்சையும் சேர்ந்தன. பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு திரிவதால் ஒன்றும் ஆகிவிடாது. அறுத்து எறியாதீர்கள். எறிந்தால் அவனுக்கு அந்த மணியில் இல்லாத பெறுமதி எல்லாம் வந்துவிடும். "இந்த நிறம் என்ன, அந்த நிறம் என்ன" என்று அவனைக் கொண்டே சொல்லவிட்டுக் கேளுங்கள், அவனுக்கு அங்கே என்ன சொல்லப்படுகிறது என்பது உங்களுக்கு அப்படியே தெரியவரும்.

இனி மாமா விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிற்பாட்டியது இதுதான், முகாமோ பணிஸோ இல்லை. நரகத்தைப் பற்றி வேறு எங்கேயாவது ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது ஒரு கதையாகப் போய்விடலாம். வன்னியில் அப்படிப் போகாது. இங்கே சுவரில் மாலை போட்ட படம் இல்லாத வீடு எத்தனை? பெரியவர் ஒருவர் மைதானத்தில் நின்று, ஏற்றுக்கொள்ளாதவர்கள் நெருப்புக்குப் போவார்கள் என்று பொதுவாகத்தான் சொல்லியிருப்பார், யாரையும் குறித்திருக்கமாட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கிறது, தானே கணக்குப் போடுகிறது. பிறகு அடுத்த கணக்கும் போடும்: அப்படியென்றால் அம்மம்மா? அம்மா? உங்களிடம் அதை அவன் இன்னும் கேட்கவில்லை என்பதால் யோசிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இரவில் எழும்புகிறானா, நீங்கள் கொஞ்சம் பிந்தி வந்தால் பதறுகிறானா, கோயிலுக்கு வர மறுக்கிறானா என்று பாருங்கள். அவனுக்கு ஏசவேண்டாம், அம்மாவையும் ஏசவிடாதீர்கள். கேட்டது நல்லது. கேட்காமல் வைத்திருந்தால்தான் சிக்கல்.

என்ன சொல்வது? பெரிய விளக்கம் தேவையில்லை. "மாமா நல்லவர், எங்கள் எல்லாருக்கும் அவர் உயிர். செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்து வந்தவர் ஒருவரும் இல்லை. கோச் அவர் நம்புவதைச் சொல்லுறார், நாங்கள் நாங்கள் நம்புவதைச் செய்கிறோம், அதுக்காக ஒருத்தரும் உன்னையோ எங்களையோ நெருப்பில போடமாட்டினம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். அவவுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: கிறிஸ்தவர்கள் எல்லாரும் அப்படிச் சொல்பவர்கள் இல்லை. தன் குற்றம் இல்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலேயே எழுதிவைத்துவிட்டது. அவவுக்குத் தெரிந்த மடுமாதா கோயில் சுவாமிமார் யாரிடமாவது கேட்டால் சொல்வார்கள்.

இதைப் பாஸ்டரிடமும் சொல்லவேண்டும். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், மன்றாடுகிற மாதிரியும் வேண்டாம். "ஐயா, என்ர தம்பி ஷெல்லடியில செத்தவன். பிள்ளை வந்து அவன் நரகத்திலயா எண்டு கேக்குது. இந்த ஊரில இப்பிடிப் பேச வேண்டாம்" என்று அவ்வளவுதான். நல்ல மனுசன் என்றால் முகம் மாறும், மன்னிப்புக் கேட்பார், பயிற்றுநர்களோடு கதைக்கிறேன் என்பார். அவரும் இந்த ஊர்களில் செத்த வீட்டுக்குப் போகிற ஆள்தானே. அதற்குப் பதிலாக, "சத்தியத்தைச் சொல்லாமல் இருக்க ஏலாது சிஸ்டர்" என்று வசனம் எடுத்தால், அன்றைக்கே மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்குமேல் என்னிடம் கேட்கத் தேவையில்லை.

அடுத்தது, நான் எந்த ஊரில் யார் கேட்டாலும் சொல்கிற சோதனை. ஜெபத்துக்கு நிற்காத பிள்ளைக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் இருக்கிறதா? இதை வாயால் கேட்டால் "ஓம் ஓம், ஒரு கட்டாயமும் இல்லை" என்றுதான் வரும். ஆகவே ஒரு சனிக்கிழமை போய்க் கடைசி வரைக்கும் இருந்து பாருங்கள். பாட்டு, கதை எல்லாம் விளையாட்டுக்கு நடுவில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஏன் நடுவில்? நடுவில் வைத்தால் எழும்பிப் போக முடியாது, பந்து அவர்களின் கையில். ஆட்டம் முடிந்து, பணிஸும் கொடுத்து முடிந்து, "வீட்டுக்குப் போறவை போகலாம், இருக்க விருப்பமானவை இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜெபம் வைத்தால் அது வேறு விஷயம். அந்த மாற்றத்தைக் கேளுங்கள். மகனிடமும் சொல்லுங்கள், "நீ ஜெபத்துக்கு இருக்கவேண்டாம், தண்ணி குடிச்சிட்டு ஓரமா நில்லு, கோச் ஏதும் சொன்னா அம்மா சொன்னது எண்டு சொல்லு." இரண்டு மூன்று கிழமை பாருங்கள். முதல் பதினொருவரில் இருந்தவன் திடீரென்று வெளியே இருக்கிறானா, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவனுக்குத் தனியாக ஒரு கதை சொல்லப்படுகிறதா, உனக்காக ஜெபிக்கிறோம் என்று தோளில் கை போட்டு ஒரு அழுத்தம் கொடுக்கிறார்களா. 11 வயதில் ஒரு பிள்ளை கோச்சின் முகத்தில் ஒரு சிரிப்பு வருவதற்காக எதையும் சொல்லும். "இயேசுவை ஏற்றுக்கொள்ளுகிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றால் கை உயரும். அதை விசுவாசம் என்று எண்ணிக் கணக்கெழுதுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

கணக்கு என்றதும் ஞாபகம் வந்தது, படம் எடுக்கிறார்களா? உங்கள் மகனின் படம் வெளிநாட்டுச் சபை ஒன்றின் பேஸ்புக்கில், "யுத்தம் நடந்த பூமியில் இத்தனை பிள்ளைகள் இரட்சிக்கப்பட்டார்கள்" என்ற தலைப்போடு கிடந்தால் உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் இல்லை என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முகாம் படிவத்தின் அடியில் படத்துக்கும் சம்மதம் என்று ஒரு சின்ன வரி இருக்கிறதா பாருங்கள்.

சப்பாத்து, பணிஸ் பற்றி ஊரில் ஆயிரம் கதைப்பார்கள். பணிஸுக்கு மதம் மாறினார்கள் என்று சொல்வது எங்கள் சனத்தையே கேவலப்படுத்துகிற கதை, யுத்தம் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தபோது யார் சோறு தந்தாலும் வாங்கித்தானே பிள்ளைகளைக் காப்பாற்றினோம். வாங்கினதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், வராமல் விட்டால் சப்பாத்தைத் திருப்பித் தரவேண்டுமா என்று. தரவேண்டும் என்றால் அது அன்பளிப்பு இல்லை, வாடகை.

முகாமுக்கு வருவோம். இங்கே சமயத்தை ஒரு பக்கத்தில் வையுங்கள். கோயில் நடத்தினாலும் சபை நடத்தினாலும் பாடசாலை நடத்தினாலும் 11 வயதுப் பிள்ளையை வீட்டுக்கு வெளியே இரவில் தங்கவிடுவதற்கு நான் கேட்கிற கேள்விகள் ஒன்றுதான், ஏனென்றால் பிள்ளைகளுக்குக் கெடுதல் நடந்த இடங்களில் எல்லாச் சமயத்துக் கட்டடங்களும் இருக்கின்றன. எங்கே நடக்கிறது, அந்த இடத்தை நீங்கள் போய்ப் பார்க்கலாமா? இரவில் பிள்ளைகளோடு யார் படுப்பது, ஒருவரா இருவரா, அவர்கள் எந்த ஊர், யாருக்குத் தெரிந்தவர்கள்? பெண்பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் பெண் பொறுப்பாளர் யார்? பிள்ளை உங்களுக்கு நினைத்த நேரம் போன் எடுக்கலாமா, அல்லது "முகாம் முடியும்வரை போன் இல்லை" என்கிறார்களா? பக்கத்தில் குளம் இருந்தால் குளிக்க விடுவார்களா, நீந்தத் தெரிந்த பெரியவர் கரையில் நிற்பாரா? குளத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. விடுமுறையில் குளத்துக்குக் குளிக்கப் போன பிள்ளையைத் தேடி ஊரே ஓடுவதை வன்னியில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்போம்.

நிகழ்ச்சி நிரலையும் எழுத்தில் கேளுங்கள். உதைபந்தாட்ட முகாம் என்று பெயர் போட்டு, காலையில் இரண்டு மணித்தியாலம் பந்து, மிச்சம் முழுக்க ஆராதனை என்றால் அதை அப்படியே படிவத்தில் எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் விடுவதுதான் பிழை, ஆராதனை வைப்பது பிழை இல்லை. கிராம அலுவலருக்கும், பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் முகாம் பற்றித் தெரியப்படுத்தினார்களா என்று விசாரியுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சிணுங்கமாட்டார்கள், பதில்களைத் தாளிலேயே அடித்து வைத்திருப்பார்கள். பயிற்றுநர் யாராவது பிள்ளைகளுக்குத் தனியாக வட்ஸ்அப் அனுப்புவது, ஒரு பிள்ளையை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவது, "வீட்டில சொல்லாத" என்பது போன்ற ஒன்று காதில் பட்டால், முகாமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது.

இத்தனையும் சரிவந்து மகனும் ஆசைப்பட்டால், இடம் கிட்ட என்றால், பகலில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரட்டும் என்று கேட்டுப்பாருங்கள். என் சொந்தப் பேரன் என்றால் இந்த வருடம் நான் அதற்குமேல் விடமாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கழகப் பொடியன்கள் சட்டம் கதைப்பார்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எவருக்கும் தான் விரும்பும் மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் சுதந்திரம் தருகிறது, 14ஆம் உறுப்புரை பிரசைகளுக்கு அதைத் தனித்தோ கூடியோ வழிபட்டு, கடைப்பிடித்து, போதிக்கவும் இடம் விடுகிறது. மதமாற்றத்தைத் தடுக்கிறோம் என்று 2004இல் ஒரு சட்டமூலம் வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே ஜெபம் வைக்கிறார்கள் என்பதற்காக ஒருவரை அடித்துத் துரத்த எந்தக் கழகத்துக்கும் உரிமை இல்லை, துரத்தினால் பொலிஸ் நிலையத்தில் நிற்கப்போவது அந்தப் பொடியன்கள்தான். மறுபக்கத்தில், இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை சமயச் சுதந்திரம் பிள்ளைக்கும் உண்டு என்கிறது, அதே மூச்சில் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ற மாதிரி அதற்கு வழிகாட்டுகிற உரிமையும் கடமையும் தாய் தகப்பனுக்கு என்கிறது. உங்களைக் கேட்காமல் உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வரைக்கும் போக ஒருவருக்கும் நியாயம் இல்லை. அவனுக்குப் பதினெட்டு வயது வந்து, அவனாக யோசித்து ஒரு சபைக்குப் போனால் அது அவன் பாடு, அப்போது நீங்கள் அழலாம், தடுக்க முடியாது.

கழகத்தாரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பிலும் உதவி செய்தவர். அவர் போய் மிஷன் பாடசாலைக்குக் கல்லெறியவில்லை, 1848இல் வண்ணார்பண்ணையில் தானே ஒரு சைவப் பாடசாலையைத் தொடங்கினார், அவர்களிடம் பார்த்த முறையிலேயே. அந்தச் சபை வருவதற்கு முன்பு சனிக்கிழமை பின்னேரம் அந்த மைதானத்தில் என்ன நடந்தது? மாடு மேய்ந்திருக்கும். கழகம் பெரிய பொடியன்களின் சுற்றுப்போட்டிக்கு ஓடித் திரியும், சின்னப் பிள்ளைகள் எல்லைக் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கும். கோயில் திருவிழாவில் ஒரு இரவு வாணவேடிக்கைக்குப் போகிற காசில் எத்தனை பந்து வாங்கலாம் என்று பரிபாலன சபையில் ஒருவராவது எழும்பிக் கேட்கட்டும். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பிரதேச சபையிடம் மைதானத்துக்கு நேரம் பிரித்துக் கேட்கலாம், சனிக்கிழமை அவர்கள், புதனும் ஞாயிறும் கழகம். அறநெறிப் பாடசாலை முடிந்த கையோடு பந்தை எடுத்துவிடுங்கள். ஆனால் அங்கேயும் அதே சட்டம்தான், தேவாரம் பாடாத வேதக்காரப் பிள்ளைக்கும் அணியில் இடம் இருக்கவேண்டும்.

உங்கள் கணவரோடு இதைப் போனில் கதைத்து இருவரும் ஒரு முடிவில் நில்லுங்கள், பிள்ளை அம்மாவிடம் ஒன்று அப்பாவிடம் ஒன்று வாங்கிவிடும். பாஸ்டரின் பதில் சரியில்லை என்று நிற்பாட்டவேண்டி வந்தால், நிற்பாட்டுகிற அதே கிழமையில் பாடசாலை உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அணியில் இருக்கிற பிள்ளை என்பதால் தட்டமாட்டார். வாரத்தில் இரண்டு பின்னேரம் பயிற்சி வைக்கச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் நீங்களும் இன்னும் இரண்டு தாய்மாரும் மாறி மாறி மைதானத்தில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். சப்பாத்தைத் திருப்பிக் கேட்டால் கழுவிக் கொடுத்துவிடுங்கள்.